டாக்ஸி ஓட்டியவர், நோபல் வென்றார்: என்சைம்களின் விதியை மாற்றிய பேராசிரியர் ஃபிரான்சஸ் அர்னால்ட் யார்?

துணி துவைக்கும் பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பல பிராண்டுகளில் 'என்சைம்' என்ற வார்த்தை இருக்கும். சட்டையில் கொட்டிய குழம்பு, முட்டை, ரத்தம் போன்ற கறைகளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவதுதான் அதன் வேலை. அடுத்து, வீட்டில் யாராவது சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் அந்த அட்டையையும் பாருங்கள். 'சிட்டாகிளிப்டின்' என்று இருக்கலாம். சோப்பு பவுடருக்கும் சுகர் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டிலுமே மனிதர்கள் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றி வளர்த்த என்சைம்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த மாதிரி மாற்றுவதற்கான வழியைக் காட்டியவர்களில் முதன்மையானவர், அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியராக இருக்கும் ஃபிரான்சஸ் அர்னால்ட். 2018-ல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பாதி இவருக்குக் கிடைத்தது. வேதியியல் நோபல் வென்ற ஐந்தாவது பெண் இவர். நான்காவது பெண்ணான அடா யோனத், 2009-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனோடு அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்.

அர்னால்டின் கதை 'ஸ்கூல் ஃபர்ஸ்ட், காலேஜ் ஃபர்ஸ்ட், அப்புறம் நோபல்' என்று நேர்கோட்டில் போகும் கதை இல்லை.

வீட்டை விட்டு வெளியேறிய மாணவி

1956 ஜூலை 25 அன்று பிறந்த அர்னால்ட், வளர்ந்தது பென்சில்வேனியா மாகாணத்தின் பிட்ஸ்பர்க் நகரில். அப்பா அணு இயற்பியலாளர். தாத்தா ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல். கட்டுப்பாடான குடும்பம். ஆனால், மகளின் போக்கு வேறு.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளியில் படிக்கும்போதே, வழியில் போகும் வண்டிகளில் லிஃப்ட் கேட்டு வாஷிங்டன் வரை போய் போருக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டார். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே வீட்டை விட்டு வெளியேறித் தனியாகத் தங்கினார். வாடகைக்குப் பணம் வேண்டுமே? ஜாஸ் இசை கிளப் ஒன்றில் சர்வராக வேலை பார்த்தார். டாக்ஸியும் ஓட்டினார்.

பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் அண்ட் ஏரோஸ்பேஸ் இன்ஜினீயரிங் சேர்ந்தார். இரண்டு ஆண்டு முடிந்ததும் பிரேக் எடுத்துக்கொண்டு இத்தாலிக்குப் போய், அணு உலைக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். திரும்பி வந்து, 1979-ல் பட்டம் வாங்கினார்.

எரிபொருள் நெருக்கடி அமெரிக்காவை ஆட்டிப் படைத்த நேரம் அது. '2000-ம் ஆண்டுக்குள் நாட்டின் எரிசக்தியில் 20 சதவிகிதம் சூரியசக்தி மாதிரியான மூலங்களிலிருந்து வர வேண்டும்' என்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979-ல் இலக்கு வைத்தார். கொலராடோவில் இருந்த சூரியசக்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்ஜினீயராகச் சேர்ந்தார் அர்னால்ட். 1981-ல் ரொனால்ட் ரீகன் அதிபரானதும் காட்சி மாறியது. சூரியசக்தி ஆராய்ச்சிக்கான நிதி பெரிய அளவில் வெட்டப்பட்டது.

சோலார் கதவு மூடியதும், உயிரினங்களிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் பக்கம் அவர் திரும்பினார். அதற்காகத்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங் பிஎச்.டி. சேர்ந்தார். அவரிடம் இருந்தது மெக்கானிக்கல் டிகிரி. அதனால் இளநிலை மாணவர்கள் படிக்கும் வேதியியல் பாடங்களை உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. 1985-ல் டாக்டர் பட்டம். 1986-ல் கால்டெக். 1987-ல் அங்கேயே உதவிப் பேராசிரியர்.

என்சைம் என்றால் என்ன, அதில் என்ன பிரச்னை?

சிம்பிளாகச் சொன்னால், என்சைம் என்பது உயிரணுக்களுக்குள் வேலை பார்க்கும் வேதியியல் தொழிலாளி. தமிழில் நொதி. நாம் சாப்பிட்ட சோறு செரிப்பதும், பால் தயிராவதும் என்சைம்கள் புண்ணியத்தில்தான். அதிக வெப்பம், அதிக அழுத்தம், விஷத்தன்மையுள்ள உலோகங்கள் எதுவும் இல்லாமல், சாதாரண தண்ணீரில், சாதாரண வெப்பநிலையில் வேதிவினைகளை அவை வேகப்படுத்திவிடும்.

தொழிற்சாலைகளுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? அங்குதான் சிக்கல். என்சைம்கள் உயிரணுவுக்குள் வாழப் பழகியவை. தொழிற்சாலையில் இருக்கும் கரைப்பான்களில் போட்டால் பலவும் செயலிழந்துவிடும். தொழிற்சாலை கேட்கும் வினையும் அவற்றுக்குத் தெரியாது. காரணம், இயற்கைக்கு அந்த வினை தேவைப்பட்டதே இல்லை.

அப்படியானால் என்சைமை மாற்ற வேண்டும். 1980-களில் எல்லோரும் நம்பிய வழி இது: என்சைமின் அமைப்பைக் கவனமாகப் படி, எந்த இடத்தில் என்ன மாற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடு, அதன்படி டிசைன் செய். கேட்க லாஜிக்காகத்தான் இருக்கிறது. அர்னால்டும் ஆரம்பத்தில் அதைத்தான் முயன்றார். ஆண்டுகள் போயின, பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

ஏன் கணக்கு உதவவில்லை?

அவர் எடுத்துக்கொண்ட என்சைமின் பெயர் சப்டிலிசின். புரதங்களை வெட்டும் என்சைம். சோப்பு பவுடரில் சேர்க்கப்படுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதில் 275 அமினோ அமிலங்கள் ஒரு மாலை மாதிரி கோக்கப்பட்டிருக்கின்றன. மாலையின் ஒவ்வோர் இடத்திலும் 20 வகை அமினோ அமிலங்களில் ஏதோ ஒன்று வரலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 20-ஐ 20-ஆல் 275 முறை பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்ணில், 1-க்குப் பின்னால் 350-க்கும் மேற்பட்ட பூஜ்ஜியங்கள் இருக்கும். நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள மொத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லவே சுமார் 80 பூஜ்ஜியங்கள் போதும். இத்தனை வாய்ப்புகளில் எது நல்லது என்று யோசித்துக் கண்டுபிடிப்பது அன்றைக்கு இருந்த அறிவுக்கு எட்டாத காரியம்.

ஆனால் இதையே வேறு பக்கமிருந்து பாருங்கள். ஒரே ஓர் இடத்தை மட்டும் மாற்றுவது என்றால்? 275 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 19 மாற்று வாய்ப்புகள். மொத்தம் 5,225 தான். லேபில் சோதித்துப் பார்க்கக்கூடிய எண்ணிக்கை.

அர்னால்ட் பிடித்துக்கொண்டது இந்த நுனியைத்தான். மொத்தக் கடலையும் தாண்ட வேண்டாம், ஓர் அடி எடுத்து வை. அதில் நல்லதாக இருப்பதை வைத்துக்கொண்டு அடுத்த அடி வை. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பரிணாமம் செய்துவருவதும் இதுதானே!

'டைரக்டட் எவல்யூஷன்' எப்படி நடக்கிறது?

இந்த முறைக்கு 'டைரக்டட் எவல்யூஷன்' என்று பெயர். தமிழில் 'இயக்கப்பட்ட பரிணாமம்' எனலாம். நாலு ஸ்டெப்தான்.

1. என்சைமை உருவாக்கும் டிஎன்ஏவை எடுத்து, வேண்டுமென்றே தப்புத் தப்பாக நகல் எடுக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷினில் அங்கங்கே எழுத்து மாறி வருவது மாதிரி.

2. அந்தத் தப்பு நகல்களை பாக்டீரியாவுக்குள் செலுத்த வேண்டும். ஒவ்வொரு பாக்டீரியாவும் கொஞ்சம் வித்தியாசமான என்சைமைத் தயாரிக்கும்.

3. எது நன்றாக வேலை செய்கிறது என்று சோதிக்க வேண்டும்.

4. ஜெயித்ததை எடுத்து, மறுபடி முதல் ஸ்டெப்புக்குப் போக வேண்டும்.

நல்ல கதிரை விதைக்கு எடுத்துவைக்கும் விவசாயியும், நல்ல காளையைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குபவரும் காலங்காலமாகச் செய்வதுதான் இது. அவர்களுக்கு ஒரு தலைமுறை மாற ஆண்டுகள் ஆகும். லேபில் வாரக்கணக்கில் முடிந்துவிடும்.

சப்டிலிசினுக்கு அர்னால்ட் வைத்த பரீட்சை கடினமானது. டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பானில் அது வேலை செய்ய வேண்டும். தண்ணீரில் வாழப் பழகிய என்சைமுக்கு அது கிட்டத்தட்ட மரண தண்டனை. பாலில் இருக்கும் காசீன் என்ற புரதத்தைக் கலந்த தட்டுகளில் பாக்டீரியாக்களைப் பரப்பினார்கள். எந்த பாக்டீரியாவின் என்சைம் காசீனை உடைக்கிறதோ, அதைச் சுற்றி வளையம் தெரியும். வளையத்தைப் பார், எடு, அடுத்த சுற்றுக்கு அனுப்பு.

1993-ல் முடிவு வெளியானது. கிடைத்த புதிய என்சைம், அந்தக் கரைப்பானில் பழையதைவிட 256 மடங்கு நன்றாக வேலை செய்தது. அதில் 10 மாற்றங்கள் இருந்தன. அந்தப் பத்தையும் சேர்த்து யாரும் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியாது.

'இதெல்லாம் ஒரு சயின்ஸா?'

எல்லோரும் கை தட்டிவிடவில்லை. 'காரணம் தெரியாமல் கண்டபடி மாற்றிப் பார்ப்பது விஞ்ஞானமே இல்லை' என்று பலர் முகம் சுளித்தார்கள். அந்த விமர்சனத்தில் அர்த்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. விஞ்ஞானம் என்றால் 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்பதுதானே நமக்குச் சொல்லித்தரப்பட்டது?

இங்கேதான் அவர் கெமிக்கல் இன்ஜினீயர் என்பது முக்கியமாகிறது. இன்ஜினீயருக்கு முதல் கேள்வி 'வேலை செய்கிறதா?' என்பது. 'ஏன் வேலை செய்கிறது?' என்பதை அப்புறம் உட்கார்ந்து படிக்கலாம். தன்னைக் குறை சொன்னவர்களைப் பற்றிப் பின்னாளில் பேசும்போதும், முறை பலன் தந்ததால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றே அவர் சொல்லியிருக்கிறார்.

இது அவர் ஒருவர் மட்டுமே கண்ட கனவும் இல்லை. பரிணாமத்தை லேபுக்குள் கொண்டுவரலாம் என்று ஜெர்மானிய விஞ்ஞானி மான்ஃபிரட் ஐகன் 1980-களிலேயே எழுதியிருந்தார். 1994-ல் வில்லெம் ஸ்டெம்மர் இன்னொரு பெரிய படி எடுத்துவைத்தார். பல என்சைம்களின் டிஎன்ஏவைத் துண்டாக்கி, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துச் சேர்க்கும் உத்தி அவருடையது. இன்ஜினீயரிங் துறையின் பெரிய கௌரவமான டிரேப்பர் பரிசை 2011-ல் அர்னால்டும் ஸ்டெம்மரும் சேர்ந்து பெற்றார்கள். ஸ்டெம்மர் 2013-ல் இறந்துவிட்டார். நோபல் பரிசு மறைந்தவர்களுக்குத் தரப்படுவதில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்களிடையே ஒரு விதி பிரபலம்: எதைச் சோதிக்கிறாயோ, அதுதான் உனக்குக் கிடைக்கும். வெப்பத்தைத் தாங்குகிறதா என்று மட்டும் சோதித்தால், வெப்பத்தைத் தாங்கும், ஆனால் வேலையில் மந்தமான என்சைம் வந்து நிற்கலாம். ஆபீஸில் தப்பான டார்கெட்டால் அவதிப்பட்ட யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சுகர் மாத்திரைக்குள் எப்படி வந்தது?

சிட்டாகிளிப்டின் தயாரிப்பில் ஒரு கட்டத்தில், அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனும், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகமும் தேவைப்பட்டன. கடைசியில் அந்த உலோகத்தின் மிச்சத்தை மருந்திலிருந்து நீக்க வேறு மெனக்கெட வேண்டும்.

மெர்க் மருந்து நிறுவனமும் கோடெக்சிஸ் என்ற என்சைம் நிறுவனமும் சேர்ந்து, டைரக்டட் எவல்யூஷன் மூலம் ஒரு மாற்று என்சைமை வளர்த்தெடுத்தன. ஆரம்பத்தில் அந்த என்சைமுக்கு இந்த மூலக்கூறைத் தொடவே தெரியாது. கடைசியில் 27 மாற்றங்களோடு, அந்த உலோக வினையின் இடத்தைப் பிடித்தது. 2010-ல் வெளியான முடிவுகளின்படி, உற்பத்தித் திறன் 53 சதவிகிதம் கூடியது, கழிவு 19 சதவிகிதம் குறைந்தது, கன உலோகமே தேவையில்லாமல் போனது. இதைச் செய்தது அர்னால்டின் லேப் இல்லை. அந்த முறை மற்றவர்கள் கையிலும் வேலை செய்தது என்பதுதான் இங்கே விஷயம்.

அவரே நிறுவனங்களையும் தொடங்கினார். 2005-ல் தொடங்கிய ஜீவோ, தாவரச் சர்க்கரையிலிருந்து ஐசோபியூட்டனால் தயாரித்து, அதிலிருந்து விமான எரிபொருள் எடுக்கும் பாதையில் இறங்கியது. 2013-ல் முன்னாள் மாணவர்களோடு தொடங்கிய ப்ரோவிவி, பூச்சிகளின் ஃபெரோமோன் பக்கம் போனது. பெண் பூச்சியின் வாசனையை வயலில் பரப்பினால் ஆண் பூச்சி குழம்பிப்போய் இணை சேராது. முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. அந்த நிறுவனம் குறிவைக்கும் பூச்சிகளில் ஒன்று படைப்புழு. 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோள விவசாயிகளைக் கண்ணீர் விட வைத்த அதே புழுதான்.

இயற்கை செய்யாததையும் செய்ய வைத்தார்

பூமியின் மேலோட்டில் ஆக்ஸிஜனுக்கு அடுத்து அதிகம் இருப்பது சிலிக்கான். ஆனால், சிலிக்கானையும் கார்பனையும் பிணைக்கும் வேலையை எந்த உயிரினமும் செய்வதாகத் தெரியவில்லை. அர்னால்டின் குழு, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுகளில் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியாவின் புரதத்தை எடுத்தது. மூன்றே மாற்றங்கள். மனிதர்கள் உருவாக்கிய சிறந்த வினையூக்கியைவிட 15 மடங்கு திறனோடு அது சிலிக்கான்-கார்பன் பிணைப்பை உருவாக்கியது. 2016-ல் வெளியான இந்த முடிவு, உயிரின் வேதியியல் நாம் நினைத்ததைவிட எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைக் காட்டியது.

விருதுகளுக்கு நடுவே இழப்புகள்

இதே ஆண்டுகளில் அவருடைய சொந்த வாழ்க்கையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2001-ல், அவருடைய முன்னாள் கணவரும் உயிர்வேதிப் பொறியாளருமான ஜேம்ஸ் பெய்லி புற்றுநோயால் இறந்தார். 2005-ல் அர்னால்டுக்கே மார்பகப் புற்றுநோய். சிகிச்சை பெற்று மீண்டார். 2010-ல் அவருடைய மூன்று மகன்களில் இருவரின் தந்தையும், கால்டெக்கின் புகழ்பெற்ற வானியற்பியலாளருமான ஆண்ட்ரூ லாங்கே உயிரிழந்தார். 2016-ல் ஒரு விபத்து மகன் ஒருவரைப் பறித்துக்கொண்டது.

அதே 2016-ல்தான் ஃபின்லாந்தின் மில்லேனியம் டெக்னாலஜி பரிசை அவர் வென்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பரிசுப் பட்டியலை மட்டும் படித்தால் ஏறுமுகம் மட்டும்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் அந்த ஆண்டுகளின் கனம் புரியும்.

நோபல் வென்ற பிறகு வந்த சோதனை

2018 அக்டோபர் 3 அன்று நோபல் அறிவிப்பு வந்தது. பரிசின் மறுபாதியை ஜார்ஜ் ஸ்மித்தும் கிரெகரி வின்ட்டரும் பகிர்ந்துகொண்டார்கள்.

அடுத்த ஆண்டு, 2019-ல், அவருடைய குழுவின் ஆய்வுக் கட்டுரை ஒன்று 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஆன்டிபயாடிக் மருந்துகளில் இருக்கும் லாக்டம் என்ற வகை மூலக்கூறுகளை என்சைம் மூலம் உருவாக்குவது பற்றியது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சொன்ன அளவுக்கு அந்த என்சைம்கள் வேலை செய்யவில்லை. லேப் நோட்டைத் தேடிப் பார்த்ததில், முக்கியமான சில சோதனைகளுக்கு அன்றன்றைக்கு எழுதியிருக்க வேண்டிய பதிவுகளும் மூலத் தரவுகளும் இல்லை.

2020 ஜனவரி 2 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதை ஊருக்கே சொன்னவர் அர்னால்ட்தான். ட்விட்டரில் தானே அறிவித்து, மன்னிப்புக் கேட்டார். கட்டுரையை அனுப்பிய நேரத்தில் தான் பிஸியாக இருந்ததாகவும், தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றும் வெளிப்படையாக எழுதினார். பழியை ஜூனியர் மேல் தள்ளவில்லை.

நோபல் வாங்கிய ஒருவர் இப்படிச் சொல்வது அபூர்வம். பலர் பாராட்டினார்கள். ஆனால் பாராட்டோடு விட்டுவிடவும் முடியாது. பெரிய லேபின் தலைவர் ஊர் ஊராகப் பேசப் போய்க்கொண்டிருக்கும்போது, கீழே இருக்கும் நோட்டுப் புத்தகத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 'வேலை செய்கிறதா?' என்பதை வைத்தே கட்டிய துறை இது. வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் அதைச் சொல்லிவிட்டது என்ற அளவில், தன் விதிக்கு அது உண்மையாக இருந்தது.

2021-ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்கு இணைத் தலைவர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டார். ஒரு காலத்தில் அரசுக்கு எதிராகக் கோஷம் போட வாஷிங்டன் போன அதே அர்னால்ட்!

ஏஐ வந்த பிறகு இந்த முறை தேவையா?

2024-ல் வேதியியல் நோபல், கணினியில் புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும், ஏஐ மூலம் புரதங்களின் வடிவத்தைக் கணித்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும் கிடைத்தது. அர்னால்ட் 1980-களில் கைவிட்ட 'டிசைன்' வழி, இப்போது ஜெயித்துவிட்டதா?

பாதி ஜெயித்திருக்கிறது. கணினி ஒரு நல்ல தொடக்கத்தைத் தருகிறது. ஆனால் அப்படி வடிவமைத்த என்சைம்கள் பல, முதலில் மந்தமாகவே இருக்கும். 2008-ல் பேக்கரின் குழு வடிவமைத்த ஒரு என்சைம், டைரக்டட் எவல்யூஷனுக்குள் போய் வந்த பிறகு 200 மடங்குக்கு மேல் மேம்பட்டது. மறுபக்கம், அர்னால்டின் லேபும் மெஷின் லேர்னிங்கைக் கையில் எடுத்திருக்கிறது. அடுத்த சுற்றில் எந்த மாற்றங்களைச் சோதிக்கலாம் என்று மாடல் சொல்லும். சரியா தப்பா என்று லேப் தட்டு சொல்லும்.

டிசைனா, பரிணாமமா என்ற பழைய சண்டை இப்போது கூட்டணியாகிவிட்டது. ஏஐ மாடல் கற்றுக்கொள்ள டேட்டா வேண்டும். எந்த மாற்றம் செய்தால் என்ன ஆனது என்ற அந்த டேட்டாவைத் தருவது, காரணம் தெரியாமல் மாற்றிப் பார்த்தார்கள் என்று ஒரு காலத்தில் கேலி செய்யப்பட்ட அதே வகைச் சோதனைகள்தான்.